பெயரைப் பற்றிய பேச்சும் மருந்தைப் பற்றிய மௌனமும்

கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றில் தொழிலாளி ஒருவருக்குக் கடுமையான தீக்காயம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவரை, சில நாட்களில் மருத்துவமனைக் கிருமி பற்றக்கூடும். வழக்கமான மருந்துகளுக்கு அது அடங்காவிட்டால் மருத்துவர் எதை நாடுவார்?

2010ஆம் ஆண்டு 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். சென்னையில் 44 பாக்டீரியா மாதிரிகளில் 'என்.டி.எம்.-1' என்னும் நொதி காணப்பட்டது. பென்சிலின் குடும்ப மருந்துகளின் மூலக்கூறில் உள்ள ஒரு வளையத்தை இந்நொதி உடைத்துவிடும். வலிமை மிக்க கார்பாபெனம் மருந்துகளும் அதற்குத் தப்புவதில்லை.

நொதியின் பெயரில் புது டில்லி இடம்பெற்றது நம் நாட்டில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. நோய்களுக்கு ஊர்ப்பெயர் வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனமே 2015இல் அறிவுறுத்தியது. ஆனால் அதே கட்டுரையின் முக்கியமான செய்தியை நாம் கவனிக்கத் தவறினோம். அக்கிருமிகளில் பெரும்பாலானவை இரண்டு மருந்துகளுக்கு மட்டுமே அடங்கின. ஒன்று டைகிசைக்ளின்; மற்றொன்று கோலிஸ்டின்.

கோலிஸ்டின் 1940களின் பிற்பகுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970களில் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதன் மூலக்கூறில் அந்த வளையம் கிடையாது. அது கிருமியின் வெளிச்சவ்வைக் குலைத்துக் கொல்கிறது. எனவே என்.டி.எம். நொதியால் அதை ஒன்றும் செய்ய இயலாது. வேறு வழியற்ற நோயாளிக்கு, சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி மருத்துவர்கள் அதை மீண்டும் கையில் எடுத்தனர்.

இத்தகைய மருந்தை நாம் எப்படிக் காத்தோம்? கோழிகள் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தோம்! சிறு அளவில் இடைவிடாது கொடுக்கப்படும் மருந்து, அதை எதிர்க்கவல்ல கிருமிகளையே பெருக்கும். கோலிஸ்டினை எதிர்க்கும் ஒரு மரபணு, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கப்படும் உயிரினங்களுக்கு கோலிஸ்டினை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது 2019 ஜூலையில்தான்.

பெயரைக் காக்க எழுந்த குரல் சில நாட்களிலேயே நாடெங்கும் ஒலித்தது. மருந்தைக் காக்கும் ஆணைக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. பழைய மருந்து மீண்டும் பயன்பட்டது நற்பேறு. அதை நம்பி மருத்துவமனைத் தூய்மையிலும் தீவனக் கண்காணிப்பிலும் அசட்டையாக இருந்தால், அந்தத் தொழிலாளிக்குக் கொடுக்க நம்மிடம் மருந்து மிஞ்சாது.