காலங்கடந்து வரும் தங்கை: 'மிராய்' பற்றிய ஒரு நோக்கு

யப்பானிய இயக்குநர் மமோரு ஹொசொடாவின் 'மிராய்' 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அசைவூட்டச் சித்திரப் படமாகும். அடுத்த ஆண்டில் அது ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. யொக்கோஹாமாத் துறைமுக நகரிலே வாழும் நான்கு வயதுச் சிறுவன் குன், புதிதாய்ப் பிறந்த தங்கைமீது கொள்ளும் பொறாமையே கதையின் வித்து. தங்கையின் பெயராகிய 'மிராய்' என்பதற்கு எதிர்காலம் என்பது பொருள். வீட்டு முற்றத்து மரத்தருகே, பள்ளி மாணவியாய் எதிர்காலத்திலிருந்து அவள் வந்து நிற்கின்றாள். வளர்ப்பு நாய் இளவரசனாக உருமாறுகின்றது. தாய் குறும்புக்காரச் சிறுமியாக எதிர்ப்படுகின்றாள்.

இவை வெறும் வேடிக்கையல்ல. முதியோரும் ஒருகாலத்திற் குழந்தைகளாயிருந்து அழுதவரே என்பதைக் குன் நேரிற் கண்டறிகின்றான். 'தான்' என்னும் முனைப்புத் தளர்ந்து, தன்னை மிராயின் அண்ணனென்று சொல்லும் நிலைக்கு அவன் வளர்கின்றான். அறிவுரை எதனையும் புகட்டாது இதனைச் சாதித்தமை பாராட்டற்பாலது.

எனினும், திருகோணமலையிலிருந்து இப்படத்தை நோக்குவார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பே. குனின் பூட்டனார் விமான எந்திரத் தொழிலறிந்தவர்; போரிலே கப்பல் தாக்குண்டபோது, காயமுற்ற உடலோடு நீந்தி உயிர் பிழைத்தவர். அன்று அவர் மாண்டிருப்பின் இக்குடும்பமே தோன்றியிராது என்கின்றது படம். உண்மையே. ஆயின், அப்போர் பிறர் வீட்டு வாயில்களில் யாது செய்தது என்று அது வினவவில்லை.

1942 ஏப்ரல் 9 ஆந் திகதி காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. சீனன்குடாவில் விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின்மீது மோதிற்று. மூண்ட தீ பல நாள் எரிந்தது. அதன் சிதைவு இன்றும் அங்கே காணப்படுகின்றது. அன்று மாண்டோருக்கும் பிறவாத பேரப்பிள்ளைகள் உளர்.

கற்பனைப் பாத்திரமொன்றின்மீது இப்பழியைச் சுமத்துதல் விமர்சனமாகாது. நான்கு வயதுக் குழந்தையின் உலகம் குடும்பத்தோடு முடிவதிலும் குற்றமில்லை. ஆனால், பூட்டனாரின் கடற்காட்சியைக் குன் தனித்துக் காணவில்லை. வளர்ந்த மிராயே அவனைக் காலத்தினூடாக அழைத்துச் செல்கின்றாள். எதிர்காலத்திலிருந்து வந்தவளின் பார்வையும் குலமரத்தின் கிளைகளுக்குள் அடங்கிவிடுவதே படத்தின் குறை.

திருகோணமலையும் காலங்கடந்து பேசும் மரபொன்றை உடையது. பிரெட்றிக் கோட்டை வாயிலிலுள்ள துண்டுக் கல்வெட்டோடு தொடர்புறுத்தப்படும் பாடல், குளக்கோட்டனின் திருப்பணிக்குப் பறங்கியரால் நேரவிருப்பதை முன்னறிவிப்பாய்க் கூறுகின்றது. கோணேசர் ஆலயம் 1624 இல் இடிக்கப்பட்டது. இம்மரபிற் காலத்தின் ஊடே பேசுவது ஓர் ஊர். 'மிராயில்' பேசுவது ஒரு குடும்பம். முன்னது இழப்பை மறவாதது. ஆயின், பகைவனின் பிள்ளையை அது அறியாது. பின்னது பிள்ளையின் மனத்தை நுணுகி அறியும். பிறர் இழப்பை அறியாது. சீனன்குடாவின் கரிந்த இரும்பையும் யொக்கோஹாமா முற்றத்து மரத்தையும் ஒருங்கே காட்டவல்ல கதை இன்னும் எழுதப்படவேண்டியதாகும். அதனை எழுதுவதற்குத் துறைமுகத்தின் இளந்தலைமுறையினர் 'மிராயிடம்' கற்கத்தக்கன பல உள.