முனை வைக்கும் இடம்

கெட்டுப்போன ஒசிலோஸ்கோப்பின் மூடியைக் கழற்றியதும் தேர்ந்த திருத்துநரின் கை உடனே எதையும் தொடாது. கண் முதலில் அலையும். பலகையில் பதித்த எழுத்துகள், ஊன்றி நிற்கும் சிறு கம்பிகள், வயர்களின் நிறக்கோடுகள், அவை போய்ச் சேரும் இணைப்பிகள் எல்லாவற்றையும் படித்த பின்புதான் மீற்றரின் முனை கீழே இறங்கும். பார்த்து ரசிக்க வேண்டிய வேலை அது.

கொழும்பில் அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1923இல் தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹார்ப்பரும் சக பொறியாளர்களும், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்துச் சோதனை ஒலிபரப்பு நடத்தினார்கள். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியது. இன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகம் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் திரும்புகிறவர்கள் செய்வதும், பிறர் கட்டிய பெட்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறதென்ற அதே தேடல்தான்.

டெக்ட்ரோனிக்ஸ் 465ஐ எடுத்துக்கொள்ளலாம். 1972இல் வந்த, 100 மெகாஹேர்ட்ஸ் வரை காட்டும் ஒசிலோஸ்கோப். திரையில் கோடு வராவிட்டால் பழகாதவர் திரைக்குழாயைச் சந்தேகிப்பார். பழகியவர் நேரே மின்வழங்கலின் சோதனைப் புள்ளிகளுக்குப் போவார்: −8, +5, +15, +55, +110 வோல்ற். முதலில் அளக்க வேண்டியது 55ஐ. மற்றவை அதை ஆதாரமாகக் கொண்டே நிலைபெறுகின்றன. அது சரிந்து கிடக்கையில் 15ஐத் திருத்தப் போவது வீண்.

மீற்றர் சரியான எண்ணைக் காட்டினாலும் நம்பிவிடக் கூடாது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். முழு அலைச் சீராக்கலுக்குப் பின் 100 ஹேர்ட்ஸ் ஏற்ற இறக்கம் மிஞ்சும். கொள்ளளவி தளர்ந்திருந்தால், அதே புள்ளியில் இன்னொரு ஒசிலோஸ்கோப்பை வைக்கும்போது 10 மில்லிசெக்கனுக்கு ஒரு மேடு எழும். மீற்றர் சராசரியாகச் சொல்லி மறைத்ததை அந்த மேடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வழங்கல் பூச்சியத்துக்கு விழுந்திருந்தால், அந்தக் காலக் கருவிகளில் தந்தாலம் கொள்ளளவி ஒன்று குறுஞ்சுற்றாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். எந்தப் பலகையில்? கருவியை அணைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தடையை அளக்க வேண்டும். எதைக் கழற்றியதும் தடை ஏறுகிறதோ, பழுது அந்த வயரின் மறுமுனையில்.

இந்த இடத்தில் வடிவமைத்தவரின் அக்கறையை வியக்காமல் இருக்க முடியாது. இணைப்பியில் ஒரு முக்கோணம் முதலாம் ஊசியைக் காட்டும். பலகையிலும் அதற்கு ஈடான குறி. வயரின் கோடுகள் தடையிகளின் நிறக்குறி முறையையே பின்பற்றும். திருத்துகிறவர் எங்கே இடறுவார் என்று முன்பின் பார்த்திராத ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்.

வெள்ளவத்தையில் கடற்காற்றும் கணக்கில் வரும். உப்பு ஈரம் தொடுமுனைகளில் படலமாகப் படியும். பிளாஸ்ரிக் குச்சியால் இணைப்பியை மெல்ல அழுத்தும்போது திரையில் கோடு துள்ளினால் பழுது அங்கேதான். கழற்றி மாட்டினாலே பல வேளை சரியாகிவிடும்; துடைக்காமல் மூடினால் அதே பழுது திரும்பி வரும்.

திரைக்குழாயின் பக்கம் மட்டும் துணிச்சல் ஆகாது. அங்கே 2,000 வோல்ற்றுக்கு மேல். சாதாரண மீற்றர் தாங்காது, அணைத்த பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

புதிய கருவிகள் பலவற்றில் சோதனைப் புள்ளி பெயரில்லாத ஒரு பொட்டு மட்டுமே. சுற்று வரைபடமும் கிடைப்பதரிது. அவற்றைக் கழற்றுமுன் தொலைபேசியில் படம் எடுத்து, ஒழுங்காக ஓடும் கருவியில் ஒவ்வொரு பொட்டையும் அளந்து கொப்பியில் குறித்து வைப்பதே வழி. அதே மாதிரி மறுபடி மேசைக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.