மூலிகையா, மருந்தா? : பாக்டீரிய எதிர்ப்பு ஆய்வுகளில் ஒரு முறையியல் சிக்கல்

சித்த மருந்துகளின் பாக்டீரிய எதிர்ப்புத் திறனை ஆராயும் கட்டுரைகள் பலவற்றில் ஒரே நடைமுறையைக் காணலாம். உலர்ந்த இலையை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுக்கின்றனர். அதனை அகார் தட்டில் இட்டு, பாக்டீரியா வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கின்றனர். மரபு மருந்தின் திறன் நிறுவப்பட்டதாக முடிக்கின்றனர். இம்முடிவு சோதனையின் எல்லையைக் கடந்தது.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளை நீரில் காய்ச்சி வடிப்பது. நிலவேம்பின் கசப்புப் பொருளாகிய ஆண்ட்ரோகிராபோலைடு மெத்தனாலில் கரையும் அளவுக்கு நீரில் கரைவதில்லை. எனவே மெத்தனால் சாற்றில் கிடைத்த முடிவு நிலவேம்புக்குப் பொருந்தலாம். குடிநீருக்குப் பொருந்தும் எனக் கொள்ள இடமில்லை. மேலும், வட்டத்தின் அளவு அகாரில் பொருள் பரவும் வேகத்தையும் சார்ந்தது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டறியாமல் இரு சாறுகளின் ஆற்றலை ஒப்பிடுதல் தகாது.

மாற்றுவழிக்கு முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டுப் பழைய ஆங்கிலச் சுவடியொன்று கூறும் கண்மருந்தை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியறிஞர் கிறிஸ்டினா லீ, நுண்ணுயிரியலாளர் ஃப்ரேயா ஹாரிசன் முதலியோர் ஆராய்ந்தனர். பூண்டு, திராட்சை மது, மாட்டுப் பித்தம் முதலியவற்றைச் சுவடி கூறியவாறே கலந்து ஒன்பது நாள் வைத்தனர். மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை அக்கலவை அழித்தது. முழுக் கலவைக்கு எந்தத் தனிச் சரக்கும் ஈடாகவில்லை என்பது 2015இல் வெளியான முடிவு.

சரக்கின் பெயர் எத்தாவரத்தைக் குறிக்கிறது, பாடவேறுபாட்டால் அளவு மாறுகிறதா, செய்முறை யாது என்பனவற்றை வரையறுப்பது தமிழாய்வாளர் கடன். அது நிகழாதவரை, ஆய்வகத்தின் சாதக முடிவு மருந்தை மெய்ப்பிப்பதுமில்லை. பாதக முடிவு பொய்ப்பிப்பதுமில்லை.