மரணமா விமோசனம்?

பாலா இயக்கிய ‘நான் கடவுள்’ (2009), மாற்றுத்திறனாளிகளைப் பிச்சைத் தொழிலுக்கு முதலாக்கும் கயவர் உலகைத் துணிவுடன் தோலுரிக்கிறது. ஆனால், பார்வையற்ற அம்சவல்லிக்கு அது அளிக்கும் விமோசனம் மரணம்! அவளே வேண்டினாள் என்பர். வாழும் வழியெல்லாம் அடைக்கப்பட்டவள் வேறெதை வேண்டுவாள்? அவ்வழிகளைத் திறப்பது யார் கடமை என்ற கேள்வியை இயக்குநர் எழுப்பவேயில்லை. சமூகத்தின் குற்றத்தை விதியின் மேல் சுமத்திவிடுகிறார்.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிந்தெடுக்கும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையையும், வீட்டிலேயே துணையாளர் உதவி பெறும் உரிமையையும் அங்கீகரிக்கிறது. 2004 சுனாமியையும் நெடும் போரையும் கண்ட ஆலையடிவேம்பு, கல்முனை மக்களுக்கு இது ஏட்டுச் சங்கதியன்று. துணையாள் கேட்பவருக்கு மோட்சம் கொடுப்பதைக் கருணையென்று நாம் போற்றுவது எங்ஙனம்?