அடிக்கும் கையும் ஆற்றும் கையும்

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது பழமொழி. தாய்க்கும் ஆசிரியர்க்கும் இதனை ஏற்றிச் சொல்வது வழக்கம். பகைவனை அடிக்கும் கையே, அப்போர் முடியுமுன், தோழனின் புண்ணையும் ஆற்ற வேண்டும் என்று ஒரு நிலை வந்தால் அக்கை இரண்டையும் செம்மையாகச் செய்யுமா? அன்றி இரண்டிலும் அரைகுறையாகவே நிற்குமா? இவ்வினாவை இன்று இளைஞரிடையே மிகுதியாக எழுப்புவன நூல்கள் அல்ல. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளே.

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரங்களில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கின்றது. அதில் அவர்கள் ஆடுவதை வீண் பொழுது என்று தள்ளிவிடுவது பெரியோர்க்கு எளிது. ஆயினும் அங்கேயும் கதை உண்டு, பாத்திரம் உண்டு, பாத்திரத்தின் வாயிலாக வாழ்க்கையைப் பற்றிய ஒரு கருத்தும் உண்டு. காப்பியப் பாத்திரத்தை ஆராய்வது போலவே அதனையும் ஆராய்ந்து குணமும் குற்றமும் நாடிச் சொல்வது திறனாய்வின் கடன் ஆகும்.

பாத்திரத்தின் இயல்பு

இவ்வகை விளையாட்டுகளில் ஒரு குழுவுக்கு மூன்று தொழில்கள் உண்டு. ஒருவன் முன்னின்று பகைவனின் அடியைத் தாங்குவான்; ஒருவன் பகைவனை அடித்து வீழ்த்துவான்; மற்றொருவன் பின்னே நின்று தோழரின் புண்ணை ஆற்றுவான். இவற்றுள் நெருங்கிப் பொருவதையும் புண் ஆற்றுவதையும் ஒருவனே மேற்கொண்டால் அவனே இருதொழில் வீரன்.

இவன் நேற்றுப் பிறந்தவன் அல்லன். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலேயே ‘கிளெரிக்’ என்ற பாத்திரம் கவசம் பூண்டு பொருதான். மந்திரத்தால் புண்ணையும் ஆற்றினான். கூரிய படைக்கலம் ஏந்துவது மட்டும் அவனுக்கு விலக்கு. அடுத்த ஆண்டில் ‘பாலடின்’ என்னும் அறவீரன் அவ்விளையாட்டில் சேர்ந்தான். கைதொட்டுக் குணமாக்கும் ஆற்றல் இவனுக்குத் தரப்பெற்றது. 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டு இந்தப் பாலடினை உலகெங்கும் பரப்பியது.

இருதொழில் வீரனின் இடர் யாது? அவனுடைய மந்திர ஆற்றலுக்குப் பை ஒன்றுதான். தாக்கும் மந்திரத்துக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஆற்றும் மந்திரத்துக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஆற்றும் மந்திரத்தை ஓதும் இரண்டொரு நொடியில் வாள் வீச இயலாது; வாள் வீசிக்கொண்டே இருந்தால் அருகில் நிற்பவன் வீழ்வான். ஆகவே, முழுத்தொழிலாக அடிப்பவனைப் போல் அவனால் அடிக்க முடிவதில்லை. முழுத்தொழிலாக ஆற்றுபவனைப் போல் ஆற்றவும் முடிவதில்லை. இக்குறையை ‘இருதொழில் தெரிந்ததற்கு இறுக்கும் வரி’ என்று ஆடுவோர் குறைகூறுவர். அவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் நாற்பதுபேர் கூடிச் செய்த பெரும்போர்களில், வாள் ஏந்த விரும்பி வந்த பாலடினைப் பெரும்பாலும் பின்வரிசையில் நிறுத்திப் புண் ஆற்றவே பணித்தனர்.

ஆயினும் அன்றைய பாலடினுக்கு ஓர் அரிய ஆற்றல் இருந்தது. சாகும் நிலையில் உள்ள ஒருவனை அவன் தொட்ட அளவில் எழுப்பலாம். ஆனால் அதற்கு விலையாகத் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்துவிட வேண்டும். பாத்திரப் படைப்பு என்ற நோக்கில் இது மிக உயர்ந்த கற்பனை. பிறன் உயிருக்காகத் தன் கையை வெறுங்கையாக்கிக்கொள்ளும் நொடியில் அவன் வெறும் விளையாட்டுப் பொம்மையாக இல்லை. ஒரு முடிவு எடுக்கும் மனிதனாகிவிடுகிறான்.

2008இல் தொடங்கி 2013இல் நின்றுபோன ‘வார்ஹாமர் ஆன்லைன்’ என்ற விளையாட்டு வேறொரு வழியைக் கண்டது. அதில் வரும் போர்க்குருக்கள் சம்மட்டியால் பகைவனை அடிக்குந்தோறும் அவருக்குச் சினவலிமை ஏறும். அவ்வலிமையைச் செலவிட்டே தோழரின் புண்ணை ஆற்றுவார். அடிப்பதா, ஆற்றுவதா என்ற இழுபறி இங்கே பெரிதும் தணிந்துவிடுகிறது. விளையாட்டு என்ற அளவில் இது விரைவும் இன்பமும் உடையது. பாத்திரம் என்ற அளவிலோ பாலடினுக்கு ஒருபடி தாழ்ந்ததே. அடியே மருந்துக்கு ஊற்றாகிவிட்டால், அடிப்பதை எப்போது நிறுத்துவது என்னும் கேள்வி எழுவதில்லை. அக்கேள்வி எழாத இடத்தில் இருதொழில் வீரனுக்குத் தனிச்சிறப்பு யாதும் இல்லை.

அனுமன் செய்த மருத்துவம்

பழந்தமிழர் இவ்விரு தொழிலையும் பெரும்பாலும் இருவரிடமே வைத்தனர். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீரன் புண்பட்டு வீட்டில் கிடக்கிறான். வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, காஞ்சிப்பண் பாடி அவனைக் காப்பவர்கள் பெண்கள். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்பின் நெடும்புண்ணைத் தைக்கும் ஊசியை, மீனுக்காக நீரில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவைக்கு ஒப்பிடுகிறார். ஊசியின் விரைவு கண்முன் நிற்கிறது. தைத்தவன் யார் என்பது பாட்டில் இல்லை.

இருதொழிலும் ஒருவனிடம் கூடும் பெருங்காட்சியைத் தமிழுக்குத் தந்தவர் கம்பர். யுத்தகாண்டத்து மருத்துமலைப் படலம் அது. இந்திரசித்தின் பிரமாத்திரத்தால் இலக்குவனும் வானரப்படையும் வீழ்ந்து கிடக்கின்றனர். அனுமனும் வீழ்ந்தவர்களுள் ஒருவனே. வீடணன் களத்தில் தேடி அவனைத் தெளிவிக்கிறான். இருவரும் சாம்பவனை நாடிச் செல்கின்றனர். மாண்டாரை எழுப்புவது, பிளந்த உடலைப் பொருத்துவது, உள்ளே தைத்த படைக்கலத்தை வெளிப்படுத்துவது, பழைய உருவத்தை மீட்டுத் தருவது என நால்வகை மருந்து உண்டென்றும், அவை இருக்கும் மலைக்கு வழி இன்னதென்றும் சொல்பவன் சாம்பவனே. அனுமன் விரைகிறான்; மருந்தைக் காக்கும் தெய்வங்களுக்குத் தன் கருத்தை உரைத்து இசைவு பெறுகிறான்; மலையையே பெயர்த்து வருகிறான். மருந்தின் காற்றுப் பட்ட அளவில் வீழ்ந்தோர் எழுகின்றனர்.

அனுமன் மருத்துவம் கற்றவனாக இப்படலத்தில் பேசப்படவில்லை என்பது இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். இப்பகுப்பை மருத்துமலைப் படலத்தில் பொருத்திப் பார்த்தால், நோயுற்றவர் இலக்குவனும் படையும், தீர்ப்பவன் சாம்பவன், மருந்து மலையில் உள்ளது, அருகிருந்து பணிசெய்பவனே அனுமன். வள்ளுவர் அவனுக்கு இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. அறிவு முதியவனிடம் இருந்தது. அவ்வறிவுக்குப் பணிந்தபோது அனுமனின் வலிமை மருந்தாயிற்று. அரக்கரை அறைந்த அதே தோள்தான் மலையையும் தூக்கிற்று.

இருதொழில் வீரனை எந்த அளவுகோலால் அளப்பது என்பது இதனால் விளங்கும். அவனைப் பாதி வீரன், பாதி மருத்துவன் என்று கணக்கிடுவதே பிழை. அவன் வலிமையுடைய உழைச்செல்வான். அடிபடும் இடத்துக்கு மிக அருகில் நிற்பதால், பின்வரிசை மருத்துவன் காணாததை அவன் காண்பான். பகைவனின் கையையும் தோழரின் உயிர்க்கோட்டையும் ஒருங்கே நோக்குவதும், வாளைத் தாழ்த்த வேண்டிய நொடியை அறிவதுமே அவன் திறம். ஆடுவதில் தேர்ந்தவர்கள் இதை அறிவர். வீழ்த்திய பகைவரின் தொகையை மட்டும் எண்ணுவோர் அறியார்.

புண்ணுக்குப் பொறுப்பு

இப்பாத்திரத்தின் குற்றம் வேறிடத்தில் உள்ளது. விளையாட்டில் அடிக்கும் கை ஒருபக்கமும் ஆற்றும் கை மறுபக்கமும் திரும்பியிருக்கின்றன. அடிபட்டவன் ஒருவன், ஆற்றப்படுபவன் வேறொருவன். தான் உண்டாக்கிய புண்ணுக்கு வீரன் பொறுப்பேற்பதே இல்லை. புண்ணும் அங்கே புண்ணாக இல்லை. குறைந்து கூடும் ஓர் எண்ணாக இருக்கிறது.

தென்தமிழ்நாட்டின் வர்மக்கலை இவ்விடத்தில் எதிர்நிற்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டம் இக்கலைக்குப் பெயர்பெற்றது. உடலில் 108 வர்மங்கள் உண்டென்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் வர்ம நூல்கள் வகுக்கும். அடிபட்டால் உயிருக்கு ஊறு தரும் இடம் எதுவோ, அதனை அறிந்தவனே அவ்வூற்றை நீக்கவும் அறிந்திருக்க வேண்டும் என்பது அம்மரபு. அதற்கென ‘இளக்குமுறை’ உண்டு. மயங்கியவனைத் தெளிவிக்கும் ‘அடங்கல்’ என்னும் இடங்கள் உண்டு. இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்ற எல்லையும் உண்டு. அடிமுறை கற்பிக்கும் ஆசான், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். தைலம் இட்டுத் தடவுவார். இங்கே அறிவு இரண்டல்ல, ஒன்றே. அடிக்கும் கையும் ஆற்றும் கையும் ஒரே உடலை நோக்குகின்றன. இம்மருத்துவத்தின் பயன் எவ்வளவு என்பது மருத்துவர் ஆராய வேண்டியது; அதன் அறநெறியோ ஐயத்துக்கு இடமற்றது.

இந்நாட்டுத் தோட்ட மக்களின் வரலாற்றிலும் இருதொழில் வீரர்கள் உண்டு. 1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பிரிவும் இருந்தது. செவிலியர் பிரிவும் இருந்தது. படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சென்னையில் மருத்துவம் பயின்றவர். டெல்லி செல்லும் கனவோடு பர்மாவுக்குப் போனவர்களுக்குக் களத்தில் முன்னேறும் வாய்ப்புக் கிட்டவில்லை. மேமியோ மருத்துவமனையில் புண்பட்டோரைப் பேணும் பணி காத்திருந்தது. படை கலைந்தது, மருத்துவம் கலையவில்லை. பின்னர் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த அவ்வம்மையார், முதுமையிலும் அத்தொழிலை விடாமல், 2012இல் மறைந்தார். வாளைத் தாழ்த்திய பின்னும் எஞ்சி நிற்பது ஆற்றும் கையே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்று இவ்விரு கைகளும் பிரிந்துவிட்டன. சிலம்பம் போட்டிக்கலையாக வளர்ந்துள்ளது. எதிராளியின் உடலைக் கம்பு தொட்டால் புள்ளி. இது வரவேற்கத்தக்க வளர்ச்சிதான். ஆனால் கம்பு பட்ட இடம் வீங்கினால் என்ன செய்வது, எலும்பு பிசகினால் எப்படி அசையாமல் கிடத்துவது, எப்போது மருத்துவமனைக்கு விரைவது என்பதும் அப்பாடத்தின் பகுதியாக வேண்டாவா? கம்பைக் கொடுக்கும் நாளிலேயே கட்டுத் துணியையும் மாணவன் கையில் கொடுப்பதே ஆசான் மரபின் உயிர்நிலை.

தமிழாசிரியர்க்கும் இதில் வேலை உண்டு. மருத்துமலைப் படலத்தைக் கற்பிக்கும் நாளில், வகுப்பில் இருதொழில் வீரனை ஆடும் மாணவன் ஒருவன் இருக்கக்கூடும். கைப்பேசியை மூடு என்று சொல்வதோடு நில்லாமல், ‘மலையைத் தூக்கியவன் மருத்துவனா?’ என்று அவனைக் கேட்கலாம். அவனுக்கு விடை தெரிந்திருக்கும். அவ்விடைக்கு வள்ளுவர் வைத்த பெயரை அறிய அவன் விரும்புவான். மருந்து பயன்பட்டபின் மலையை மீண்டும் அதன் இடத்திலேயே அனுமன் கொண்டுபோய் வைத்தான் என்பதையும் மறவாமல் சொல்லுதல் வேண்டும்.