மழைப் பாடம்: செய்யுளும் அளவையும்

மழை எங்கிருந்து வருகிறது என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கும் கேள்விக்கு நம்மவர் வீடுகளிலும் பள்ளிகளிலும் மூவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று நீதிநூல் தரும் விடை; மற்றொன்று பழம்பாட்டுகள் தரும் விடை; மூன்றாவது பாடப்புத்தகத்துப் படம் தரும் விடை. இம்மூன்றையும் நடுநிலையில் நின்று சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். நல்லவர் ஒருவரை முன்னிட்டு ஊரார் அனைவரும் மழைப்பயன் பெறுவர் என்பது மூதுரையின் கருத்து. கற்புடையாள் ஏவினால் வானமும் பணியும் என்பது 55ஆம் குறளின் கருத்து. பாடிய புலவர்க்கு ஒழுக்கத்தின் பெருமையே நோக்கம். மழை அதற்கொரு கருவி. வளர்ந்தோர் இதனை உயர்வு நவிற்சி என்று அறிந்து சுவைக்கலாம். குழந்தையோ சொன்னதைச் சொன்னபடியே நம்பும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் முதலிய இடங்களில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின. நாடெங்கும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நல்லார் பொருட்டே மழை பெய்யுமாயின், அம்மாதம் சிலாங்கூரில் நல்லார் தொகை திடீரெனப் பெருகிவிட்டதா? மழை பொய்த்தால் ஊரார் அனைவரும் தீயவரா? இவ்வாறு கேட்கும் குழந்தைக்கு நீதிநூலில் விடை இல்லை. வறட்சி நேரும்போது பழி சுமத்த ஓர் ஆளைத் தேடும் மனப்பான்மை இங்கேதான் முளைவிடுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பாள் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் இச்செய்யுள்களை ஒழுக்கப் பாடத்தில் வைத்துக்கொள்க. மழைப் பாடத்தில் வைக்கற்க என்பதே எமது கருத்து.

இரண்டாவது வகை இதனினும் பன்மடங்கு உயர்ந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல்வழி வந்த பண்டம் கரைக்கு ஏறுவதும், நிலத்துப் பண்டம் கடலில் இறங்குவதும் வருணிக்கப்படுகின்றன. அதற்குப் புலவர் காட்டும் உவமை யாது? வான் முகந்த நீர் மலையில் இறங்குவதும், மலையில் இறங்கிய நீர் மீண்டும் கடலிற் சென்று பரவுவதுமாகும். உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. அப்படியானால் நீரின் இச்சுற்று அக்காலத்துக் கேட்போர்க்கு முன்பே தெரிந்த செய்தி என்றாகிறது. மேகம் கொண்டதைத் திருப்பித் தராவிடில் கடலும் தன் தன்மையில் குறையும் என்று 17ஆம் குறள் கூறுவது இதனுடன் வைத்துப் படிக்கத்தக்கது. திருப்பாவையின் நான்காம் பாசுரமும் கடலையும் மழையையும் இணைத்துக் காட்டுகிறது. எனினும் அங்கே மழை கடலுட் புகுந்து நீரை மொண்டு எழுவதாகக் கற்பனை செய்யப்படுகிறது. அழகிய கற்பனைதான், ஆயினும் நீர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகவே மேலே செல்கிறது என்பதை ஆசிரியர் கூடவே சொல்லித் தரவேண்டும்.

நிற்க. இவற்றைக் காட்டி, ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை’ என்று மார்தட்டிக் கொள்வோர் நம்மிற் பலர். 17ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பிய அறிஞர் பலர், கடல்நீர் பூமிக்கடியிலுள்ள குகைவழிகளால் மலைக்கு ஏறி ஊற்றாகிறது என்று நம்பியது உண்மையே. ஆனால் 1674இல் பெரோ என்னும் பிரெஞ்சுக்காரர் சேன் நதியின் தலைப்பகுதியில் பெய்த மழையையும், ஆற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டு, மழை ஆற்றுநீரினும் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று காட்டினார். அதன்பின் குகைவழிக் கதைக்கு வேலை இல்லாமற் போயிற்று. நம் புலவர் கண்டு சொன்னார். அவர் அளந்து காட்டினார். சொன்னதன் பெருமையை மட்டும் பேசி, அளக்கும் பழக்கத்தைக் குழந்தைக்குத் தராமல் விடுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி மூன்றாவது. மூலையில் சிரிக்கும் சூரியன், கீழே கடல், பஞ்சு போன்ற மேகம், பனி மூடிய மலை, சுற்றிலும் அம்புக்குறிகள்: பல புத்தகங்களில் காணும் படம் இதுவே. தித்திவங்சா மலைத்தொடரில் பனி ஏது? மேகம் நீராவி என்று எழுதுவதும் பிழை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகமாகத் தெரிவன நுண்ணிய நீர்த்துளிகள். அவற்றுள் ஏறத்தாழ பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும். காடும் மரமும் இலைவழியே விடும் ஈரத்திற்கு அப்படங்கள் பலவற்றில் ஓர் அம்புகூட இல்லை. மரங்களுக்கு நடுவே வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு இஃது எவ்வளவு பெரிய குறை!

இன்னொரு குறையும் உண்டு. ஆங்கிலப் பள்ளியில் நாம் படித்த சிறுவர் பாட்டு மழையைப் போகச் சொல்லிற்று. தமிழ்ப் பாட்டுகளோ நெல்வயலை எண்ணி மழையை வரச் சொல்கின்றன. பால்மரத் தோட்டத்துப் பிள்ளை அறிந்த மழை இவ்விரண்டும் அன்று. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டியபின் பெய்தால் கோப்பையிற் பால் கெட்டுவிடும். அன்றைய கூலிக்கு அம்மா கவலைப்படுவாள். அதே மழைதான் மரத்தையும் வளர்க்கிறது. இந்த இருமுகத்தைச் சொல்லாத பாடம் அப்பிள்ளைக்கு அயலூர்ப் பாடமே.

ஆகவே யாது செய்யலாம்? உப்புநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் போய் உப்பு நிற்கும். கடல் கரித்தாலும் மழை கரிக்காத காரணம் அப்போதே விளங்கும். குளிர்ந்த நீருள்ள குவளையின் புறத்தே துளி அரும்புவதைக் காட்டுங்கள். மேகம் உண்டாகும் வகை தெரியும். பிறகு தோட்டத்துக் காரியாலயத்திற்கு அழைத்து வாருங்கள். அங்கே மழைமானி இருக்கிறது. கிராணிமார் காலைதோறும் அளவெடுத்துப் புத்தகத்தில் பதிகின்றோம். 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 100,000 லிட்டர் நீர் விழுந்தது என்று பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். அந்நீர் எந்த ஓடையில் இறங்கி எந்த ஆற்றைச் சேரும் என்றும், ஓடையிற் குப்பையை அடைத்தால் யார் வீட்டுக்குள் புகும் என்றும் கேட்கட்டும்.

பெற்றோரே, ஆசிரியரே! மானியிலுள்ள நீரைத் தன் கண்ணாற் பார்த்து, தன் கையால் எழுதிய பிள்ளை, பிற்காலத்தில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் தேடும்போது அயலார் ஒழுக்கத்தை ஆராயாது. ஆற்றையும் காட்டையும் ஆராயும். நம் மக்களுக்கு இன்று வேண்டுவது அந்தக் கண்ணே.