‘கிளிக்’ சொல்ல மறந்த லீவர்

புதிதாகச் சந்தைக்கு வந்த சாமானை எடுத்து, அதன் பளபளப்பையும் விலையையும் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுவது இக்காலத்து வழக்கம். ஒரு யந்திரத்தின் உண்மையான யோக்கியதை, அது கவனிப்பாரின்றி இரண்டு மூன்று வருஷம் கிடந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பதிலும், கெட்டுப்போனால் சாதாரண மனிதன் ஒருவன் வீட்டில் இருக்கும் ஆயுதங்களைக் கொண்டு அதைப் பிழைக்கவைக்க முடியுமா என்பதிலுமே தெரியவரும் என்பது என் அபிப்பிராயம். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ரோடு பைக் என்று சொல்லப்படும் பந்தய ஜாதி சைக்கிளில் பிரேக்கையும் கியரையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் கைப்பிடி லீவரை இங்கே பரீட்சித்துப் பார்க்க உத்தேசம்.

பரீட்சைக்குக் கிடைத்த வண்டி 2020ஆம் வருஷத்து ஊரடங்கில் வாங்கப்பட்டது. உடற்பயிற்சி நிலையங்களெல்லாம் பூட்டிக் கிடந்த அந்நாளில் நம்மவர் பலருக்குத் திடீரென்று சைக்கிள் மோகம் பிறந்ததல்லவா? அந்த வேகத்தில் கடையைவிட்டு வந்து, சிலகாலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உல்லாசமாக ஓடி, உடையவர் உத்தியோக நிமித்தம் வெளியூர் போய்விடவே, திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது அது. இப்போது அவருடைய தம்பி, கல்லூரி மாணவன், அதை ஓட்ட ஆசைப்பட்டான். டயரில் காற்று நின்றது, பிரேக் பிடித்தது, வலப்பக்கத்து லீவர் மட்டும், உள்பக்கமாகத் தள்ளினால் தடையே இல்லாமல் போய், தடையே இல்லாமல் திரும்பி வந்தது. கடைக்காரர் ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள செட்டு போயிருச்சு தம்பி, புதுசுதான் மாத்தணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். “அங்கிள், புதுசு வாங்கினா அண்ணன் திட்டுவான். ரிப்பேர் பண்ணவே முடியாதா?” என்று பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

இந்த லீவரின் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்லவேண்டும். கியர் மாற்றுவதே வீரனுக்கு இழுக்கு என்று பந்தய உலகம் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில், செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தாண்டவைக்கும் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது 1937ல்தான். அதற்குப் பின்னும் வெகுகாலம் கியர் லீவர் சட்டத்தின் சாய்வுக் குழாயில்தான் இருந்தது. ஓட்டுபவர் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் குனிந்து, செயின் எழுப்பும் சத்தத்தைக் காதால் கேட்டு, உத்தேசமாக லீவரை நகர்த்தி நிறுத்தவேண்டும். ஜப்பானிய ஷிமானோ கம்பெனி 1984ல் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற ஏற்பாட்டைத் தன் உயர்ரகப் பாகங்களில் கொண்டுவந்து உத்தேசத்துக்கு வேலையில்லாமல் செய்தது. 1990ல் அந்தக் கிளிக் யந்திரத்தையே பிரேக் லீவருக்குள் புகுத்திவிட்டது. இத்தாலியின் காம்பக்னோலோ 1992லும், அமெரிக்காவின் ஸ்ராம் 2006லும் தத்தம் மாதிரிகளோடு பின்தொடர்ந்தன. ஹேண்டில்பாரைவிட்டுக் கையை எடுக்காமலே மேட்டில் ஏறவும் இறங்கவும் முடிகிறதென்றால், அது இந்தச் சங்கமத்தின் விளைவு.

உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைப் பாருங்கள். பின்சக்கரத்தில் 9 பல்சக்கரங்கள் என்றால், லீவருக்குள் அதற்கு ஈடாகப் பல் வெட்டிய ராட்செட் வட்டு ஒன்று. அந்தப் பல்லில் விழுந்து வட்டைச் சுழற்றுவதற்கும், சுழன்ற வட்டைப் பிடித்து நிறுத்துவதற்கும், வேண்டும்போது ஒரு பல் மட்டும் நழுவவிடுவதற்கும் தனித்தனியே சின்னஞ்சிறு கொக்கிகள். அந்தக் கொக்கிகளைப் பல்லின்மேல் அழுத்திக்கொண்டிருக்க மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகள். நாம் பரீட்சித்த வகையில் ஒவ்வொரு கிளிக்கும் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் ஒயரை இழுக்கிறது அல்லது விடுகிறது; அந்த அளவு பிசகினால் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் நின்று கரகரக்கும். பிரேக்கைப் பிடிக்கும் அதே பெரிய லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும். அதன் பின்னாலுள்ள சிறிய லீவரைத் தட்டினால் சிறிய பல்லுக்கு இறங்கும். முஷ்டியளவு இடத்தில் இத்தனையும் அடங்கியிருப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் இந்த அற்புதம் முழுவதும் கிரீஸில் ஊறிக் கிடக்கிறது, அங்கேதான் வினை. ஓடாமல் நிற்கும் வண்டியில், வருஷக்கணக்கில் கிரீஸிலுள்ள எண்ணெய் வற்றி, மிச்சம் மெழுகுபோல் இறுகிவிடுகிறது. பாவம், அந்த மயிரிழை ஸ்பிரிங்குக்கு அதை எதிர்த்து நிற்கும் பலம் ஏது? கொக்கி தூக்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது, பல்லின்மேல் விழுவதில்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு லீவர் வெறுமனே போய்வருகிறது; உள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்று தோன்றுகிறது. உண்மையில் ஒன்றும் முறியவில்லை.

வைத்தியத்துக்கு முன் ரோகநிதானம் செய்தாகவேண்டும். லீவர் வெறுமனே போய்வருவது ஒரு லட்சணம். தள்ளவே முடியாமல் கல்லாக நிற்பது வேறொரு லட்சணம். ஏறும் பக்கம் சரியாக ஏறி, இறங்கும் பக்கம் தயங்கித் தயங்கி இறங்குவது மூன்றாவது. இந்த மூன்றாவதில் லீவர்மேல் பழியே இல்லாமலிருப்பது சகஜம். ஒயர் ஓடும் குழலுக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்து, டீரெய்லரின் ஸ்பிரிங்கால் ஒயரைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாமல் போயிருக்கும். சாய்வுக் குழாயின் அடியில் ஒயர் வெளியே தெரியும் சட்டமாக இருந்தால் இதைச் சோதிப்பது வெகு சுலபம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, மறு கையின் இரண்டு விரல்களால் அந்த ஒயரை வில்லின் நாணைப்போல் வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். செயின் பெரிய பல்லுக்கு ஏறி, ஒயரை விட்டவுடன் தயங்காமல் கீழே இறங்கினால், டீரெய்லரும் பின்பக்கத்துக் குழலும் நிரபராதிகள். இந்த வண்டியில் அப்படித்தான் இறங்கியது. ஆகவே குற்றவாளி லீவருக்குள்ளேயே இருந்தான்.

சிகிச்சைக்கு வேண்டியது அதிகமில்லை: கிரீஸைக் கரைக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்று, அதன் வாயில் செருகும் மெல்லிய குழாய், பழைய பனியன் துணி, கடைசியில் தையல் யந்திர எண்ணெய் கொஞ்சம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டபிள்யூ.டி.40 இதற்குப் போதும். 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து ரசாயனக் கூடம் ஒன்றில், ராக்கெட் உடலைத் துருவிலிருந்து காக்கவேண்டி ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடியவர்கள், நாற்பதாவது முயற்சியில் வெற்றி கண்டதால் அந்த எண்ணையே பெயரில் வைத்துவிட்டார்கள். ராக்கெட்டுக்குப் பிறந்தது மாடிப்படி அடியில் நிற்கும் சைக்கிளுக்கும் உதவுகிறது.

முதலில் சக்கரங்களைக் கழற்றித் தள்ளி வைத்துவிட வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு துளி எண்ணெய் ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ, டிஸ்க் பிரேக்காக இருந்தால் அந்தத் தகட்டிலோ தெறித்தால், கியர் பிழைத்துப் பிரேக் போய்விடும். பிறகு லீவரின்மேல் போர்த்தியிருக்கும் ரப்பர் உறையை நுனியிலிருந்து மெதுவாகச் சுருட்டி, பிரேக்கை முழுவதும் அழுத்திப் பிடித்தால், முன்பக்கத்து இடுக்கில் ராட்செட்டின் விளிம்பு தெரியும். குழாயை அதற்குள் நுழைத்து நன்றாக நனையும்படி அடிக்கவேண்டும். அடித்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள், விடுங்கள். பெரியதையும் சிறியதையும் மாற்றி மாற்றி, ஆனால் இரண்டையும் ஒருசேர அழுத்தாமல், பொறுமையாகத் தள்ளிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடவாது. சற்று நேரத்தில் துணியின்மேல் மஞ்சளும் பழுப்புமாகக் கசடு சொட்டத் தொடங்கும். அது நல்ல சகுனம். மறுபடி அடித்து, ராத்திரி முழுவதும் ஊறவிட்டு, காலையில் மறுபடி தள்ளவேண்டும். திடீரென்று, எதிர்பாராத ஒரு தள்ளலில், கொக்கி பல்லில் விழுந்து, ஒரு கிளிக் கேட்கும். அடுத்த தள்ளலில் கேட்காமல் போகலாம், கவலை வேண்டாம். சொட்டும் திரவம் தெளிந்து வரும்வரை கழுவினால் எல்லாக் கொக்கிகளும் விழிப்படைந்துவிடும். பையன் காதை லீவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளிக்காக எண்ணினான். கழுவியதோடு விட்டால் பல்லும் கொக்கியும் வறட்சியாக உராய்ந்து தேயும். ஈரம் உலர்ந்தபின் இலேசான எண்ணெய் சில சொட்டு விட்டு, உறையை இழுத்து மூடுவதோடு வேலை தீர்ந்தது.

லீவர் கல்லாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் ஒயர்தான் சத்துரு. லீவருக்குள் ஒயரின் தலை பொருந்தும் இடத்தில், ஒவ்வொரு கிளிக்குக்கும் அது மடங்கி நிமிர்வதால், இழை இழையாக அறுந்து, அறுந்த துண்டு ராட்செட்டுக்குள் போய் முட்டுக்கட்டையாக நின்றுவிடும். ஒயரைப் பின்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் தளர்த்தி, சிறிய லீவரைத் தட்டித் தட்டிக் கடைசிச் சிறிய பல்லின் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் ஒயரின் தலை வெளியேறும் துவாரத்துக்கு நேரே வரும். அதற்குமுன் இடுக்கியைவிட்டுக் கிளறினால் காரியம் கெடும். முதல் இழை அறுந்ததுமே கியர் சரியாக உட்காராமல் முரண்டு பிடிக்கும். அப்போதே ஒயரை மாற்றிவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை.

யந்திரத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், ஓட்டத்துக்கு முழு மார்க் கொடுப்பேன், பராமரிப்புக்குப் பாதிதான். இவ்வளவு நுணுக்கமான கொக்கிகளை நாளடைவில் இறுகும் கிரீஸுக்குள் அடைப்பதும், கழற்றவேண்டாம் என்று சொல்லி உட்பாகங்களைத் தனியே விற்காமலிருப்பதும் உற்பத்தியாளர்களுக்குச் சௌகரியமே தவிர ஓட்டுபவருக்கு அல்ல. காம்பக்னோலோ தன் பழைய லீவர்களின் ஸ்பிரிங்குகளைத் தனித்தனியே விற்றது; ஆகவே இது அசாத்தியமான காரியமன்று. ஒயரே வேண்டாமென்று மோட்டாரால் கியர் மாற்றும் மின்சார வகைகள் 2009 முதல் வந்துவிட்டன. கல்லூரிப் பையனின் சட்டைப்பைக்கு அவை எட்டா.

கீழே விழுந்து அடிபட்டு உள்ளே பல் முறிந்திருந்தால் கடைக்காரர் சொல்வது சரி, புதிய லீவருக்குச் சில ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்கத்தான் வேண்டும். நின்று நின்று உறைந்த லீவருக்கோ சில நூறு ரூபாய் ஸ்ப்ரேயும் ஒரு ராத்திரிப் பொறுமையும் போதும். ஊரடங்குக் காலத்துச் சைக்கிள்கள் இப்போது குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. வாங்கப்போகிறவர்கள், லீவர் வெறுமனே போய்வருகிறதே என்று நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். அதையே காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.